புள்ளி வைக்கும் கைக்குக் கணக்கு வராதா?

‘கலையோடு இணைந்த கற்றல்’ என்னும் தொடர் இப்பொழுது கல்வித்துறைச் சுற்றறிக்கைகளில் அடிக்கடி தலைகாட்டுகின்றது. நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் 2019-இல் தன் பள்ளிகளில் அதனைக் கட்டாயமாக்கியது. 2020-இல் நடுவணரசு வெளியிட்ட கல்விக் கொள்கையும் அதனையே வலியுறுத்திற்று. நம் மாநில அரசுப் பள்ளிகளில் 2022-இல் கலைத் திருவிழா தொடங்கப்பெற்றது. இவற்றின் நிறைகுறைகளை ஈண்டு ஆராயப் புகவில்லை. ஒன்றை மட்டும் கேட்கின்றேன். பிரிந்து கிடப்பனவற்றையன்றோ இணைத்தல் வேண்டும்? தமிழ்ப் பிள்ளையின் கையில் கலையும் கணக்கும் என்று பிரிந்திருந்தன? பிரித்தவர் யாவர்?

பிரித்தவருள் நானும் ஒருவன்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், இடைநிலை ஆசிரியனாய்த் தொடக்கப் பள்ளியொன்றிற் பணியேற்ற புதிது. கீழ்பென்னாத்தூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் மல்லாட்டை பறிக்கும் பருவம் வந்துவிட்டால் வகுப்பிற் பாதிப்பேர் இரார். அவ்வாறு பல நாள் வாராதிருந்து மீண்டாள் நான்காம் வகுப்புப் பெண்ணொருத்தி. அவளுக்குப் பெருக்கல் வாய்பாடு ஏழுக்குமேல் ஏறவில்லை. கணக்குச் சுவடியைப் புரட்டினேன். பின்பக்கமெல்லாம் புள்ளிகள், புள்ளிகளைச் சுற்றி வளைகோடுகள். “கணக்குச் சுவடியிற் கோலமா?” என்று சினந்து, கையை நீட்டச் சொல்லிப் பிரம்பால் ஓரடி வைத்தேன்.

பொங்கல் விடுமுறைக்கு முன்னாள் அதே பெண் பள்ளி வாயிலிற் கோலமிட்டுக் கொண்டிருந்தாள். நடுவில் ஏழு புள்ளி, மேலும் கீழும் நான்கில் முடியும் ஊடுபுள்ளிக் கோலம். “மொத்தம் எத்தனை புள்ளி?” என்று விளையாட்டாகக் கேட்டேன். நிமிராமலே, “முப்பத்தேழு ஐயா; நடுவில் ஏழு, மேலே பதினைந்து, கீழே பதினைந்து” என்றாள். “ஒன்பதில் தொடங்கி ஐந்தில் முடித்தால்?” மாவு கையிலிருக்கச் சற்றே வானத்தைப் பார்த்தாள். “அறுபத்தொன்று.” நான் சுண்ணக்கட்டியை எடுத்துத் தரையிற் கூட்டிப் பார்த்த பின்னரே அது சரியென்று தெரிந்தது.

அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள். கணக்கு வராதவள் என்றே பள்ளிப் பதிவு சொல்லும்.

அன்பர்களே, அப்பெண்ணின் கையிலிருந்தது எத்தகைய கணக்கு என்பதைச் சற்று விரித்துச் சொல்ல விடுங்கள். ஊடுபுள்ளிக் கோலத்தில் ஒரு வரிசையின் புள்ளிகள் அடுத்த வரிசையின் இடைவெளிகளில் அமையும். ஒற்றைப் புள்ளியில் தொடங்குக. அடுத்து மூன்றில் தொடங்கி இரண்டில் முடிப்பது. அதற்கு 7 புள்ளி. ஐந்தில் தொடங்கி மூன்றில் முடிப்பதற்கு 19. ஏழில் தொடங்கி நான்கில் முடிப்பதற்கு 37. ஒன்பதில் தொடங்கி ஐந்தில் முடிப்பதற்கு 61. இவற்றின் வேறுபாடுகளைப் பாருங்கள்: 6, 12, 18, 24. ஆறாம் வாய்பாடு! எந்தப் பிள்ளைக்கு வாய்பாடு ஏறவில்லை என்று அடித்தேனோ, அப்பிள்ளை அதனை நாள்தோறும் தரையில் இட்டுக்கொண்டிருந்தது. இன்னும் கேளுங்கள். அப்புள்ளித் தொகைகளை ஒன்றோடொன்று கூட்டிக்கொண்டே செல்லின் 1, 8, 27, 64, 125 என வரும். இவை ஒன்று முதல் ஐந்து வரையுள்ள எண்களின் முப்படிகள்.

நேர்ப்புள்ளிக் கோலம் வேறொன்று சொல்லும். 1, 3, 5, 7, 5, 3, 1 என்று வைத்தால் 25 புள்ளி. மேற்பாதி ஏழு வரை கூட்டினால் 16, அது நான்கின் இருபடி. எஞ்சியது 9, அது மூன்றின் இருபடி. ஒற்றைப்படை எண்களை ஒன்றிலிருந்து வரிசையாகக் கூட்டினால் இருபடி எண்ணே வரும் என்பதை மனப்பாடம் செய்விக்க வேண்டியதில்லை. தரையிற் கிடக்கின்றது.

எனக்கு மிகவும் விருப்பமானது சிக்குக் கோலம். புள்ளிகளைக் கட்டமாக வைத்து, இழையைப் புள்ளிகளுக்கிடையே சாய்வாக ஓட்டி, ஓரத்தில் மட்டும் வளைத்துத் திருப்புக. மூன்றுக்கு நான்கு வைத்தால் எல்லாப் புள்ளியையும் ஒரே இழை சுற்றி வந்து தொடங்கிய இடத்திற் சேரும். மூன்றுக்கு மூன்று வைத்தால் மூன்று தனியிழை. நான்குக்கு ஆறு வைத்தால் இரண்டு இழை. இழைகளின் எண்ணிக்கை அவ்விரண்டு எண்களுக்கும் உரிய மீப்பெரு பொதுக் காரணியே. மேல்வகுப்பிற் பிள்ளைகள் கண்ணீர் விட்டுக் கற்கும் பகுதியன்றோ அது!

இதனைத் தமிழ்ப்பற்று மிகுதியால் யான் கூட்டிச் சொல்வதாக எவரும் எண்ணற்க. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிப்ட் சிரோமணி, இராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் 1974-இல் கோலத்தைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினர். அது வந்தது கணினிவழிப் படவரைவு பற்றிய வெளிநாட்டு ஆய்விதழில். சொற்றொடர்க்கு இலக்கணம் உள்ளாற்போலப் படத்திற்கும் இலக்கணம் வகுக்கலாம், அவ்விலக்கணத்தைக் கொண்டு கணினி படம் வரையலாம் என்பது அத்துறையின் கொள்கை. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் நம் பெண்டிர் விடியலில் வாயிலில் இடும் கோலம்! கணினி என்னும் சொல்லே நம் ஊர்ப்பக்கம் வந்து சேராத காலம் அது. ஆப்பிரிக்காவின் மொசாம்பிக்கில் பணியாற்றிய பேராசிரியர் பவுலசு கெர்டசு, அங்கோலாவின் சோக்குவே மக்கள் மணலில் வரையும் ‘சோனா’ என்னும் புள்ளிக்கோட்டு ஓவியங்களைக் கணக்குப் பாடமாக்கியவர். அவர் 1989-இல் தமிழர் கோலத்தைப் பற்றியும் எழுதினார். கடல் கடந்தவர்க்குக் கணக்காகத் தெரிந்தது நமக்குப் போட்டிப் பொருளாகவே தெரிகின்றது. அப்போட்டிக்கும் ‘இரங்கோலிப் போட்டி’ என்றே பெயர் எழுதி ஒட்டுகின்றோம். கோலம் என்று எழுதக் கை கூசுகின்றதோ?

பள்ளிகளில் நடப்பது என்ன? கலை என்றால் அச்சிட்ட படத்திற்கு நிறந்தீட்டுதல். அல்லது விழா மேடையில் ஆடல். பாடவேளையில் அதற்கு இடமில்லை, ஆளும் இல்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கலை, உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநரைப் பேசுவது ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கே. அதுவும் நூறு பிள்ளைக்குமேல் இருந்தால்தான். 2012-இல் தமிழ்நாட்டில் அவ்வாறு அமர்த்தப்பெற்றோர் 16,549 பேர். தொடக்க ஊதியம் திங்களுக்கு 5,000 உரூபா. பணிநிலைப்புக் கேட்டு அவர்கள் தெருவில் நின்ற ஆண்டுகள் பல. ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கோ அந்தப் பகுதிநேர ஆளும் இல்லை. விரல் வளையும் அகவையில் கலை இல்லை. விரல் இறுகிய பின்னர் அரைவேளைக் கலை!

2024-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறைகள் அமைக்கும் பணி தொடங்கியது. வேண்டாம் என்று சொல்லும் மடமை என்னிடம் இல்லை. ஆனால் ஒளித்திரையிற் பிறர் வரைந்த கோலத்தைக் கண்டு கைதட்டும் பிள்ளை என்ன கற்கும்? பொறி பிள்ளைக்கு ஏவல் செய்தல் வேண்டும். பிள்ளை பொறிக்குப் பார்வையாளனாதல் கூடாது. 1967-இல் அமெரிக்காவிற் சேமூர் பேப்பர்ட்டும் தோழரும் சிறுவர்க்கென ‘இலோகோ’ என்னும் கணினி மொழியை ஆக்கினர். அதில் பின்னர்ச் சேர்ந்த ‘ஆமை’க்கு ‘முன்செல், வலம் திரும்பு’ என்று பிள்ளை ஆணையிட, அது கோடிழுக்கும். கோலமிடும் பெண் தன் விரலுக்கு இடும் ஆணையும் அதுவே. தமிழிலேயே அவ்வாறு ஆணையிடவும் வழியுண்டு. முத்து அண்ணாமலை என்பார் ஆக்கிய ‘எழில்’ என்னும் நிரல்மொழியில் ‘பதிப்பி’, ‘ஆனால்’, ‘இல்லை’, ‘முடி’ என நற்றமிழ்ச் சொற்களே கட்டளைகள். முதலில் தரையிற் கை. அடுத்துத் தாளில் எண். அதன்பின் திரையில் ஆணை. இவ்வரிசையை மாற்றினால் மூன்றும் கெடும்.

கோலம் பெண்ணுக்குரியதன்றோ, ஆண்பிள்ளை இடலாமா என்று பெற்றோர் சிலர் வருவர். பெண்ணை வாயிலிலே குனிய வைத்ததற்கு நான் வாதாட வரவில்லை. அவ்வறிவு அவள் விரலோடு நின்று, வீட்டுவேலையாய்ச் சுருங்கியதற்கே வருந்துகின்றேன். எங்கள் வகுப்பில் இருபாலாரும் இடுகின்றனர். எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் இடுகின்றனர். புள்ளிக்குச் சமயம் ஏது?

கோலத்தோடு முடிவதும் இல்லை. நம் மாவட்டத்துச் செங்கம் பகுதியில் எடுத்தனூர் நடுகல் உண்டு. மகேந்திரவர்மனின் முப்பத்துநான்காம் ஆட்சியாண்டினது. வீரனொடு அவன் நாய் கோவிவனும் கல்லிற் செதுக்கப்பெற்றுள்ளது. கள்வரைக் கடித்த நாய் அது. அப்படத்தைப் பார்த்து வரையும் பிள்ளைக்கு ஓவியமும் வரலாறும் வட்டெழுத்தும் ஒருசேரக் கிடைக்கும். நாய்க்கு நடுகல்லிற் பெயர் எழுதிய ஊர்க்காரர் நாம் என்று சொல்லிப் பாருங்கள். வகுப்பில் ஓசையே இராது.

சென்ற மார்கழியில் ஒரு நாள் மாலை, பள்ளித் திடலில் நான்குக்கு ஆறு சிக்குக் கோலம் இட்ட ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் ஓடிவந்தான். “ஐயா, இரண்டு இழைதான் வருகிறது. ஏன் ஐயா?” என்றான். எவ்வளவு வரும் என்பது எனக்குத் தெரியும். ஏன் என்பது இத்தமிழாசிரியனுக்குத் தெரியாது. கணக்காசிரியரிடம் அனுப்பினேன். அவர் இரண்டு நாள் தவணை கேட்டிருக்கின்றார் என்று பையன் வந்து சொன்னான்.