தோல்வியை மறைக்காதீர்



ஸ்கீவவில் பள்ளிக் கல்வியை நிறைவுசெய்து, ஓகூஸ், ஓல்போர்க் முதலிய நகரங்களின் பல்கலைக்கழகங்களுக்குச் செல்லும் தகுதியுடைய நம் பிள்ளைகளுக்கு, டென்மார்க் அரசு 'எஸ்.யூ.' எனும் கல்விக் கொடுப்பனவை மாதந்தோறும் வழங்குகின்றது. அது கடனன்று, எனினும் நிபந்தனையற்றதுமன்று. ஓராண்டுக் கல்விக்குரிய புள்ளிகள் 60. அவற்றுள் 30இற்கு மேல் பின்தங்கும் மாணவரின் கொடுப்பனவு நிறுத்தப்படும். பின்னடைவை ஈடுசெய்தால் மீண்டும் கிடைக்கும். ஒவ்வொரு பரீட்சைக்கும் மூன்று வாய்ப்புகள் உண்டு. நோயினால் கல்வி தடைப்பட்டோர், தக்க சான்றுடன் மேலதிக மாதங்களுக்கான கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கலாம்.

ஆகவே, ஒரு பாடத்தில் சித்தியெய்தாமை முடிவன்று. அதனை மறைப்பதே கேடு. 'நாலுபேர் என்ன சொல்வார்கள்?' என்னும் அச்சத்தினால் பிள்ளை வாய்மூடியிருக்க, ஒரு பாடம் இரண்டாகி, இரண்டு ஐந்தாகின்றது. கொடுப்பனவு நின்று, வீட்டு வாடகைக்கு வழியற்றுப்போன பின்னரே பெற்றோர் அறிகின்றனர்.

பெற்றோரே, அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு உங்கள் பிள்ளையின் வாயை அடைக்காதீர்கள். மாணவர்களே, பெறுபேறு வந்த அன்றே வீட்டாரிடம் கூறுங்கள். அந்த வாரமே கல்வி ஆலோசகரைச் சந்தியுங்கள். வீழ்ந்தவன் எழலாம், வீழ்ந்ததை ஒளிப்பவனுக்கு யார்தான் கைகொடுப்பார்?