பழியைப் பீடிமேல் போடாதீர்கள்

இரசாயன ஆலைத் தொழிலாளி மூச்சு வாங்குகிறது என்று சொன்னால், நிர்வாகத் தரப்பில் மூன்று பதில்கள் தயாராக இருக்கின்றன. அவர் பீடி குடிக்கிறவர். வருடா வருடம் மெடிக்கல் செக்கப் நடத்துகிறோம், எல்லோரும் 'ஃபிட்'. காற்றில் இருக்கும் ஆவி அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது. ஆகவே நோய்க்கும் ஆலைக்கும் சம்பந்தமில்லை, சம்பந்தப்படுத்துகிறவர்கள் தொழிலைக் கெடுக்க வந்தவர்கள். கேட்க ஒழுங்காக இருக்கும் இந்த வாதம், தொட்டால் உதிர்கிறது.

முதலில் பீடி. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஜாஸ்பர் என்ற ஊரில் ஒரு மைக்ரோவேவ் பாப்கார்ன் ஆலை. அங்கே வேலை பார்த்த எட்டுப் பேருக்கு, நுரையீரலின் சிறு குழல்கள் தழும்பேறி அடைத்துக்கொள்ளும் நோய் வந்திருப்பது 2000இல் தெரியவந்தது. வெண்ணெய் மணத்துக்காகச் சேர்த்த டையசிட்டைல் ஆவிமேல் சந்தேகம் விழுந்தது. அரசு ஆய்வாளர்கள் வேலையில் இருந்தவர்களையும் ஊதவைத்துச் சோதித்தார்கள். மூச்சுக்குழல் அடைப்பு, எதிர்பார்க்கக்கூடிய அளவைப் போல 3.3 மடங்கு இருந்தது. புகையையே தொடாதவர்களை மட்டும் தனியே கணக்கிட்டால் 10.8 மடங்கு. இவர்கள் எந்தப் பீடியைக் குடித்தார்கள்?

சரி, குடிக்கிறவர்களையே எடுத்துக்கொள்வோம். அஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களைப் பற்றி 1979இல் வந்த ஆய்வின்படி, இரண்டும் இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், தூசி மட்டும் பட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய்ச் சாவு ஏறத்தாழ 5 மடங்கு, புகை மட்டும் என்றால் 11, இரண்டும் சேர்ந்தால் 53. புகைக்கிற தொழிலாளியை ஆலை இன்னும் கவனமாகக் காக்க வேண்டும் என்பதுதான் இதற்குப் பொருள். நிர்வாகமோ அதையே கைகழுவக் காரணமாக்குகிறது.

அடுத்து அந்தப் புகழ்பெற்ற செக்கப். எடை, ரத்த அழுத்தம், ஒரு மார்பு எக்ஸ்ரே, ஒரு கையெழுத்து. ஜாஸ்பரில் கண்ட நோய் வந்தவர்களுக்குப் பல நேரம் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கும். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை வைத்தாலும், எதிர்பார்த்த அளவில் 80 விழுக்காடு வந்துவிட்டால் 'நார்மல்' என்று எழுதி மூடிவிடுகிறார்கள். வேலைக்குச் சேரும்போது 120 விழுக்காடு ஊதியவர் இன்று 85 ஊதினால், மூச்சில் கால் பங்குக்கு மேல் போய்விட்டது. பதிவேட்டில் அவர் நார்மல்! அவருடைய இன்றைய மூச்சை அவருடைய பழைய மூச்சோடு ஒப்பிடாதவரை அது கண்காணிப்பே அல்ல.

ஐசோசயனேட் போன்ற ஆலை இரசாயனங்களால் வரும் ஆஸ்துமா இன்னும் தந்திரமானது. ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போன பிறகு, இரவில் நெஞ்சை அடைக்கும், லீவில் தணியும். வார விடுமுறை முடிந்த மறுநாள் காலையில் சோதித்தால் ஆள் நலமாகத் தெரிவார். பிடிக்க வேண்டுமென்றால், மூச்சின் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரைக் கையில் கொடுத்து, வேலை நாளிலும் விடுமுறையிலும் தினம் நான்கு முறையாவது, சில வாரங்களுக்கு எழுதிவரச் சொல்ல வேண்டும். பெரிய விலையில்லாத கருவிதான். தேட மனமில்லை என்பதுதான் சங்கதி.

அதுவும் யாரைச் சோதிக்கிறார்கள்? இன்று வேலையில் இருப்பவர்களை. மூச்சு முட்டியவர் எப்போதோ நின்றிருப்பார். காண்டிராக்ட் ஆளாக இருந்தால் அவர் பெயரே பட்டியலில் இருந்திருக்காது. ஓடும் பேருந்தில் உட்கார்ந்திருப்பவர்களை எண்ணிவிட்டு, வழியில் ஒருவரும் இறங்கவில்லை என்று சாதிப்பதைப் போன்ற கணக்கு இது. ஜாஸ்பரில் முதலில் தெரியவந்த எட்டுப் பேரும் அந்த ஆலையை விட்டுப் போனவர்கள்தான்.

மூன்றாவது, அனுமதித்த அளவு. டையசிட்டைல், உணவில் சேர்க்கப் பாதுகாப்பானது என்று ஏற்கப்பட்ட பொருள். ஆலைக் காற்றில் அது எவ்வளவு இருக்கலாம் என்று அன்று அமெரிக்க அரசு வரம்பே விதித்திருக்கவில்லை. வரம்பில்லாத பொருள் வரம்பை மீறாது; நுரையீரலை மட்டும் அழிக்கும்.

நம் நாட்டுக்கு வருவோம். போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41-சி பிரிவைச் சேர்த்தார்கள். அபாயகரமான பொருளைக் கையாளுகிறவரை வேலையில் அமர்த்துமுன்னும், வேலையில் இருக்கும்போதும், அந்த வேலையை விட்ட பிறகும் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது சோதிக்க வேண்டும், மருத்துவப் பதிவைத் தொழிலாளி பார்க்க முடிய வேண்டும் என்றது அது. அஸ்பெஸ்டாஸ் ஆலைகள் அந்தப் பதிவை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு, அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டு, எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் ஆணையிட்டது. நோய் மெதுவாக வரும் என்பது சட்டத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அன்றே தெரிந்திருந்தது.

நோயே இல்லை என்று சாதிக்கிறவர்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான். வேலையை விட்டவர்கள், காண்டிராக்ட்டில் வந்தவர்கள் உட்பட ஒவ்வொருவரின் மூச்சளவையும் ஆண்டு வாரியாக அவரவர் கையில் கொடுங்கள். கொடுக்க முடியாது என்றால், அவர்கள் நலமாக இருக்கிறார்கள் என்று சாட்சி சொல்லும் யோக்கியதை உங்களுக்கு இல்லை.