சாவி வாங்கும் கைகளும் நமது மனச்சான்றும்



பெருநகரங்களின் ஓட்டல்கள், துணிக்கடைகள், மருத்துவமனைகள் ஆகியவற்றின் வாசலில் சீருடை அணிந்த இளைஞர்கள் நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். கார் வந்ததும் ஓடிவந்து கதவைத் திறக்கிறார்கள். சாவியை வாங்கிக்கொண்டு டோக்கன் ஒன்றைத் தருகிறார்கள். காரை எங்கோ ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, நாம் திரும்பும்போது கொண்டுவந்து தருகிறார்கள். இதை 'வேலட் பார்க்கிங்' என்கிறார்கள்.

தேனி மாவட்டத்தில் வாழும் நமக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். முல்லைப் பெரியாறு அணை 1895இல் கட்டி முடிக்கப்பட்டதால் செழித்தது நம் பள்ளத்தாக்கு. கம்பம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது. ஆனாலும் ஒரு வீட்டின் பிள்ளைகள் அனைவரையும் வாழவைக்க நிலம் போதவில்லை. விடியற்காலையில் நம் தாய்மார்கள் ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத் தோட்டங்களுக்கு மலையேறுகிறார்கள். அந்த ஜீப்புகளில் ஓட்டப் பழகிய பிள்ளைகளுக்கு ஓட்டுநர் உரிமம்தான் கையிலுள்ள சொத்து. 2023 ஜூன் முதல் போடிநாயக்கனூரிலிருந்து சென்னைக்கு நேரடி ரயிலும் ஓடுகிறது. அப்படிச் செல்லும் நம் பிள்ளைகளில் சிலர் இந்த வாசல்களில்தான் நிற்கிறார்கள்.

இது நம்பிக்கையை மூலதனமாகக் கொண்ட வேலை. முன்பின் தெரியாத ஒருவரிடம் பல இலட்சம் ரூபாய் பெறுமான வாகனத்தை ஒப்படைக்கிறோம். அவர் பெயரைக்கூட நாம் கேட்பதில்லை. அவர் மாதச் சம்பளம் முழுவதையும் பல ஆண்டுகள் சேர்த்தாலும் அந்தக் காரை வாங்க முடியாது. ஆயினும் அதில் ஒரு கீறல் விழுந்தால் முதலில் சந்தேகிக்கப்படுபவர் அவரே. பல இடங்களில் அவரை வேலைக்கு வைத்திருப்பவர் ஓட்டல்காரர் அல்லர், ஒப்பந்தக்காரர். சிக்கல் வரும்போது ஒருவர் மற்றவரைக் கை காட்டுகிறார். நடுவில் நிற்பவர் தொழிலாளி.

இதைப் பற்றி நம் நாட்டு உச்ச நீதிமன்றம் பேசியிருக்கிறது. 1998இல் தில்லி தாஜ்மகால் ஓட்டலில் வேலட் ஊழியரிடம் ஒப்படைக்கப்பட்ட கார் ஒன்று திருடுபோனது. 'வண்டி நிறுத்துவது உரிமையாளரின் சொந்தப் பொறுப்பு' என்று டோக்கனில் அச்சிட்டிருப்பதாக ஓட்டல் வாதாடியது. 2019 நவம்பரில் வந்த தீர்ப்பு அதை ஏற்கவில்லை. சாவியைப் பெற்றுக்கொண்டபின் வாகனத்தைக் கவனமாகப் பாதுகாத்துத் திருப்பித் தரும் கடமை ஓட்டலுக்கு உண்டு. தன் கவனக்குறைவின் விளைவை டோக்கனில் அச்சிட்ட ஒரு வரியால் தட்டிக்கழிக்க முடியாது என்றது நீதிமன்றம்.

சாவி வாங்குவது ஊழியரின் கை, பொறுப்போ நிறுவனத்தினுடையது. அப்படியானால் ஒவ்வொரு கீறலுக்கும் ஏழைத் தொழிலாளியின் சம்பளத்தில் கைவைப்பது எந்த நியாயம்? சேதத்துக்காகச் சம்பளத்தைப் பிடிக்க வேண்டுமானால், அது அவருடைய கவனக்குறைவால் நேர்ந்திருக்க வேண்டும். தம் பக்கத்தைச் சொல்ல அவருக்கு வாய்ப்பும் தர வேண்டும். சட்டம் கேட்பது இதுவே. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், தொழிலாளர்களுக்குப் பணி நியமனக் கடிதம் தரவேண்டும் என்கின்றன. கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்வோருக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021இலேயே தமிழ்நாடு சட்டத் திருத்தம் செய்தது. வாசலில் மணிக்கணக்கில் நிற்பவருக்கு இதுவரை அந்த நாற்காலி வந்து சேர்ந்ததா?

விவிலியம் வாசலில் நிற்பவரை மறக்கவில்லை. நெடும்பயணம் போகும் வீட்டுத் தலைவர் பணியாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பைக் கொடுக்கிறார். வாயில் காவலரை விழித்திருக்கச் சொல்கிறார் (மாற்கு 13:34). வீட்டுக்குள் இருப்பவருக்குப் போலவே வாசலில் இருப்பவருக்கும் அங்கே இடமுண்டு. திராட்சைத் தோட்ட உவமையை (மத்தேயு 20) நம் ஊர் மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. கடைசி மணி நேரத்தில் வந்தவரும் பசியோடு வீடு திரும்பக் கூடாது என்று நினைத்தார் அந்தத் தோட்ட உரிமையாளர். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981இல் உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலும் இதையே சொல்கிறது: என்ன வேலை என்பதைவிட, அதைச் செய்பவர் ஒரு மனிதர் என்பதே வேலைக்கு மதிப்பைத் தருகிறது.

அன்புக்குரியவர்களே, நாம் செய்யக்கூடியவை சில உண்டு. ஊரை விட்டுப் புறப்படும் பிள்ளைகளிடம், நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்கவும், சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்தவும் பெற்றோர் சொல்லி அனுப்பட்டும். உரிமம் இல்லாமலும் மது அருந்திவிட்டும் பிறர் வண்டியைத் தொடமாட்டேன் என்று பிள்ளைகள் உறுதி எடுக்கட்டும். உரிமையைக் கேட்பவருக்குக் கடமையும் உண்டு. மண்டபமோ கடையோ நடத்தும் நம் பங்கு மக்கள், வண்டி நிறுத்தும் ஊழியருக்கு நிழலும் தண்ணீரும் நாற்காலியும் ஞாயமான கூலியும் கிடைப்பதை, ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடாமல், தாங்களே உறுதிசெய்யட்டும். பங்குத் திருவிழாவில் வண்டிகளை ஒழுங்குபடுத்தும் இளைஞர்களும் திருவிழாச் சாப்பாட்டில் கடைசிப் பந்திக்குத் தள்ளப்பட வேண்டாம்.

அடுத்த முறை சாவியைக் கொடுக்கும்போது அந்தச் சகோதரரின் பெயரைக் கேட்போம். அவர் யாரோ ஒரு தாய் மாதக் கடைசியில் எதிர்பார்த்துக் காத்திருக்கும் மகன். தொழிலாளரின் பாதுகாவலரான புனித யோசேப்பு, வாசல்களில் நிற்கும் நம் பிள்ளைகள் அனைவருக்காகவும் இறைவனிடம் பரிந்து பேசுவாராக.