முதுமையும் ஓயாத அச்சமும்

2023 டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவில், வடசென்னையின் எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்ப் படலத்தை அம்மாதமே கண்டிருந்த முதியோரும் உறக்கம் கலைந்து ஓட நேர்ந்தது. ஆபத்து வேளையில் அட்ரீனல் சுரப்பிகள் சுரக்கும் கார்டிசால், தேகத்துக்குத் தற்காலிக வலிமை தருவதாயினும், அச்சம் நித்திய வாசமாகிவிட்ட இடத்தில் அது தணியாது நின்று, ஞாபக சக்திக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப் பகுதியை நலிவிக்கக்கூடும் என்பர் சாஸ்திரக்ஞர். அச்சுரப்பை அடக்கும் கடிவாளமும் ஓரளவு அப்பகுதியிடமே இருப்பதால், கேடு கேட்டையே வளர்க்கிறது. மறதி முழுவதையும் வயதின் மேல் சுமத்துவதோ நமக்குச் சௌகரியமான வழக்கம். அம்மறதியைப் பரிசோதிக்க எண்ணினாலோ, 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை கிண்டியில் இருக்கிறது. எண்ணூர்க் கிழவர் அதற்கு நகரத்தையே கடக்க வேண்டும். திருவொற்றியூர், எண்ணூர் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஞாபகப் பரிசோதனையும், குப்பந்தோறும் நம்பத்தக்க அபாய அறிவிப்பும் ஏற்படுத்துவது அரசுக்கு அசாத்தியமான காரியமன்று.