புது டப்பாவா? பழைய யானையா?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவன்)



மலருக்கு நான் கட்டுரை தருகிறேன் என்றதும் பேரவை அண்ணன் ஒருவர் சிரித்தார். "எல்லாரும் ஒழுக்கம், ஒற்றுமைன்னு எழுதறாங்க. நீ சைக்கிளப் பத்தி எழுதறேங்கற?" என்றார். ஆமாம், சைக்கிளைப் பற்றித்தான். ஒரு சைக்கிளால் என் வகுப்பு நண்பன் காறை எலும்பு முறிந்து இந்த ஆண்டு செய்முறைத் தேர்வை எழுத முடியாமல் போனான். அதில் என் பங்கும் உண்டு. அதனால்தான் எழுதுகிறேன்.

சமவெளியில் பிறந்த நமக்கு மலை என்றால் ஒரு மயக்கம். இந்தப் பக்கம் ஏற்காடு, 20 கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் பக்கம் கொல்லிமலை, 70 வளைவுகள். ஞாயிறு விடியற்காலையில் ஏற்காடு அடிவாரத்தில் நின்று பாருங்கள். தலைக்கவசம் மாட்டிக்கொண்டு மூச்சு வாங்க ஏறுகிறவர்களும், காற்றாய் இறங்கி வருகிறவர்களும் கண்ணில் படுவார்கள். அதைப் பார்த்த எந்த வாலிபனுக்குத்தான் ஆசை வராது? பதினொன்றாம் வகுப்புக்குப் போன என் தோழர்களுக்கு அரசின் விலையில்லா மிதிவண்டி கிடைத்தது. பத்தாவது முடித்து நேராக டிப்ளமோவுக்கு வந்த எனக்கு அதுவும் இல்லை. இரண்டு கோடை விடுமுறையில் டயர் ரீட்ரேடிங் பட்டறையில் வேலை செய்து சேர்த்த பணம் 15 ஆயிரம் கையில் இருந்தது.

அப்போது எங்கள் மூவருக்கு வந்த சந்தேகம்தான் இந்தக் கட்டுரையின் தலைப்பு. புதிதாக, மலிவாக ஒன்று வாங்குவதா? அல்லது பெரிய விலைக்கு விற்ற உயர்ந்த சைக்கிளைப் பழையதாக வாங்குவதா?

பழைய யானை

மலை இறக்கத்துக்கென்றே செய்யும் டவுன்ஹில் சைக்கிள் ஒன்று விற்பனைக்கு வந்தது. முன்னும் பின்னும் 200 மில்லி மீட்டர் அமுங்கும் சஸ்பென்ஷன், எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் டிஸ்க் பிரேக். புதிதாக வாங்கியபோது லட்சங்களில் விலை. இப்போது 45 ஆயிரம் என்றார் விற்பவர். மூன்று பேர் சேர்ந்து வாங்கி மாறி மாறி ஓட்டலாம் என்று கணக்குப் போட்டோம். "யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்" என்று நான்தான் பழமொழி சொன்னேன்.

என் அப்பா லாரி ஓட்டுநர். படித்தவர் இல்லை. ஆனால் பழைய வண்டி பார்க்க நாமக்கல்காரர்களுக்கு யார் பாடம் எடுக்க வேண்டும்? அவரைக் கூட்டிப் போனேன். அவர் பளபளப்பைப் பார்க்கவே இல்லை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்க்கச் சொன்னார். ஹேண்டில்பாருக்குக் கீழே, இரண்டு குழாய்கள் வெல்டிங்கில் சேரும் இடத்தில், அடிப்பக்கமாகக் கட்டைவிரல் நகத்தை வைத்து இழுத்தார். நகம் ஓரிடத்தில் நின்றது. முடி அளவு ஒரு கோடு. "பெயிண்ட்டுதாங்க" என்றார் விற்பவர்.

"சேசிஸ்ல கோடு விழுந்த வண்டிய சும்மா குடுத்தாலும் வாங்காத கண்ணு" என்றார் அப்பா, திரும்பும் வழியில்.

அப்பா சொன்னதன் காரணத்தை நாம் வகுப்பில் படித்திருக்கிறோம். எஃகுக்கு ஒரு சோர்வு எல்லை உண்டு. அந்த எல்லைக்குக் கீழே எத்தனை லட்சம் முறை வளைத்தாலும் அது தாங்கும். அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. சிறு சிறு அதிர்வும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும், ஒரு நாள் சொல்லாமல் முறியும். டவுன்ஹில் சைக்கிள் என்றாலே பாறையில் குதித்து வாழ்ந்த வண்டி. அதன் வயதை வருடத்தில் பார்க்கக் கூடாது, வாங்கிய அடிகளில் பார்க்க வேண்டும்.

அது மட்டுமா? யானையை வாங்கிவிட்டால் தீனி? ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் தன் முன் ஃபோர்க்கின் கீழ்க்கால்களை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை பிரித்து எண்ணெய் மாற்றச் சொல்கிறது. ஷிமானோ பிரேக்குக்கு மினரல் ஆயில். ஸ்ராம் பிரேக் பலவற்றுக்கு டாட் திரவம். மாற்றி ஊற்றினால் உள்ளே ரப்பர் சீல் கெட்டுப்போகும். 26 அங்குல டயர் நம்ம ஊரில் கிடைக்கும். ஆனால் 2013-ஐ ஒட்டி உலகம் 27.5, 29 அங்குலத்துக்கு மாறிய பின், அந்த அளவில் உயர்ந்த ஃபோர்க் தேடுவது பெரும்பாடு. இன்னொன்று, அந்தச் சைக்கிள் இறங்கத்தான் பிறந்தது. அதை மிதித்து ஏற்காடு ஏறுவது மாவு மூட்டையைச் சுமந்து ஏறுவது போல!

புது டப்பா

ஏமாற்றத்தோடு வந்தோம். எங்களில் ஒருவன், "எனக்குப் பழசே வேண்டாம்டா, சட்டையிலிருந்து புத்தகம் வரைக்கும் எல்லாம் அண்ணன் போட்டதுதான். இதாவது புதுசா இருக்கட்டும்" என்றான். அந்த வார்த்தை எனக்குப் புரிந்தது. நம்மில் பலருக்குப் புரியும். "சரிடா, புதுசுன்னா தொல்லை இல்ல" என்று நானும் சொன்னேன். 14 ஆயிரத்துக்கு இரண்டு பக்கமும் ஸ்பிரிங், இரண்டு பக்கமும் டிஸ்க், கண்ணைப் பறிக்கும் வர்ணம். எடை 18 கிலோ.

நண்பர்களே, மலிவான சைக்கிளில் இரட்டை ஸ்பிரிங் போடும்போது அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? பிரேக்கிலிருந்தும், ஹப்பிலிருந்தும், பால்ரஸிலிருந்தும்தான் வருகிறது! ஸ்பிரிங் இருக்கும், அதன் துள்ளலை அடக்கும் டேம்பர் இருக்காது. டிஸ்க் இருக்கும், ஒயரை இழுத்தால் ஒரு பக்கத்துக் கட்டை மட்டும் நகரும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர், சேலம் சுமார் 280. இறக்கம் 1200 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆளும் சைக்கிளும் 80 கிலோ. 80 × 9.8 × 1200, சுமார் 9.4 லட்சம் ஜூல். மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம்! ஒரு பகுதியைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். மிச்சமெல்லாம் உள்ளங்கை அகல டிஸ்க்கிலும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக் கட்டையிலும் இறங்கும். லாரிக்காரர் "ஏறின கியர்லயே இறங்கு" என்பார். எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். சைக்கிளுக்கு எஞ்சின் ஏது?

பாதிக்கு மேல் இறங்கியாகிவிட்டது. ஒரு வளைவில் அவன் பிரேக்கைப் பிடித்தான். லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டது, வண்டி நிற்கவில்லை. சாலையோரச் சுவர் அவனைப் பள்ளத்திலிருந்து காப்பாற்றியது, தோளைக் காப்பாற்றவில்லை. அவன் அம்மா மருத்துவமனை வாசலில் என்னைப் பார்த்து, "நீயும் கூடத்தானேப்பா போன?" என்று மட்டும் கேட்டார். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

பழையதில் பிறந்த விளையாட்டு

இந்த விளையாட்டே பழைய சைக்கிளில் பிறந்ததுதான் என்பது பிறகு படித்தபோது தெரிந்தது. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் 1976 அக்டோபரில் சில இளைஞர்கள் மண் பாதையில் இறக்கப் போட்டி நடத்தினார்கள். ஓட்டியது புதிது அல்ல, 1930, 40-களில் செய்த தடித்த டயர் ஷ்வின் சைக்கிள்கள். சுமார் 400 மீட்டர் இறக்கம்தான். அதற்கே பின் ஹப்பிலிருந்த பிரேக்கின் கிரீஸ் சூட்டில் ஆவியாகிவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் போட்டிக்கே 'ரீபேக்' என்று பெயர். நம் ஏற்காடு அதைப்போல மூன்று மடங்கு! அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் 1977-ல் இதற்கென்றே தனி ஃப்ரேம் செய்தார். 1990-ல் அமெரிக்காவின் துராங்கோவில் உலகப் போட்டியே நடந்தது. பழைய வண்டியைக் கையால் பிரித்து, கோளாறு எங்கே என்று பார்த்தவர்களால் வந்த வளர்ச்சி இது.

என் கருத்து

கையில் 15 ஆயிரம் இருக்கிற டிப்ளமோ மாணவனுக்கு நான் சொல்வது: பழையதையே வாங்குங்கள். ஆனால் யானையை வேண்டாம், நல்ல உழவு மாட்டைத் தேடுங்கள். பின் பக்கம் ஸ்பிரிங் இல்லாத, பெயர் பெற்ற, நடுத்தர மலைச் சைக்கிள் போதும். பணத்தில் மூன்றில் ஒரு பங்கைச் செலவு செய்யாமல் ரிப்பேருக்கு வையுங்கள். நான் 10 ஆயிரத்துக்கு அப்படி ஒன்று வாங்கினேன். செயின், பிரேக் கட்டை, ஒயர், கோட்டம் எடுத்த கூலி எல்லாம் சேர்த்து நாலாயிரம் ஆனது.

வாங்கும் முன் இவற்றைப் பாருங்கள். வெல்டிங் இணைப்புகளில் நகம் வைத்துப் பாருங்கள். செயினில் 12 முழுக் கண்ணிகளை அளந்தால் புதியதில் சரியாக 12 அங்குலம் வரும். எட்டில் ஒரு அங்குலம் கூடியிருந்தால் பல் சக்கரமும் தேய்ந்திருக்கும். சக்கரத்தைச் சுற்றவிட்டு ரிம் கோட்டம் பாருங்கள். லீவரை முழுப் பலத்தோடு பிடியுங்கள். ஹேண்டில்பாரைத் தொட்டால் அந்த வண்டியோடு மலைக்குப் போகாதீர்கள். சோதித்துப் பார்க்க ஆள் இல்லையா? அப்போது பழையது வேண்டாம். ஸ்பிரிங்கே இல்லாத புதுச் சைக்கிள் வாங்கி, சமவெளியில் ஓட்டுங்கள். அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

பேரவைக்கு ஒரு வேண்டுகோள். நம் பணிமனையில் வெர்னியர் இருக்கிறது, விரிசல் காட்டும் சாய ஊடுருவல் சோதனையைப் பாடத்தில் படிக்கிறோம். சந்தேகப்படும் இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டு அந்தச் சோதனையைச் செய்யலாம். மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு மணி நேரம், மாணவர் சைக்கிள் சோதனை என்று பேரவை ஏற்பாடு செய்யக் கூடாதா? எல்லார் அப்பாவும் லாரி ஓட்டுநர் அல்லவே!

நண்பன் தேறிவிட்டான். அடுத்த செமஸ்டரில் அரியரோடு தேர்வு எழுதுகிறான். அவன் சைக்கிளின் முன் பிரேக்கைக் கழற்றி, என் பங்குப் பணத்தில் வேறு போட்டுக் கொடுத்திருக்கிறேன். மலைக்கு இன்னும் போகவில்லை. காலேஜுக்கு மட்டும் இருவரும் சேர்ந்தே வருகிறோம்.