நிலாவரைக்கும் அடி உண்டு

தமிழ்நாட்டில் எங்கள் கே.ஜி.கண்டிகைப் பக்கம் கிணற்றின் ஆழத்தில் யாருக்கும் மயக்கம் கிடையாது. கொஞ்சம் தோண்டினால் பாறை, அதன்பின் வெடிதான். கோடை முற்றினால் தரையே தெரிந்துவிடும்.

யாழ்ப்பாணத்து நிலம் வேறு. அங்கே அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதைக் காலங்காலமாகக் கரைத்துக் குகையாக்கும். ஒருநாள் குகையின் கூரை உள்ளே விழும். அப்படிப் பிறந்ததுதான் புத்தூர் அருகே நவக்கிரியில் உள்ள நிலாவரை. இராமர் அம்பெய்து உண்டாக்கியது, அடியே இல்லாதது, இதில் எலுமிச்சம்பழம் போட்டால் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்பார்கள்.

அடி இருக்கிறது. இலங்கைக் கடற்படைச் சுழியோடிகள் இறங்கிப் பார்த்துவிட்டார்கள். ஆழம் 50 மீட்டருக்குச் சற்று மேல்.

அது சின்ன ஆழமில்லை. தண்ணீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். தரையில் ஒரு மணி நேரம் வரும் காற்றுச் சிலிண்டர், 40 மீட்டரில் 12 நிமிடத்தில் தீர்ந்துபோகும். பொழுதுபோக்காக ஸ்கூபா செய்கிறவர்களுக்கு அந்த 40 மீட்டரே எல்லை. 30 மீட்டர் தாண்டினாலே நைட்ரஜன் சாராயம்போலத் தலைக்கேறும். கையில் கட்டிய ஆழமானியைப் பார்த்தும் புரியாது. பயந்துபோய் விறுவிறுவென்று மேலே வந்தால், உடம்பில் கரைந்த வாயு குமிழியாகி ஆளையே முடக்கிவிடும். நின்று நின்றுதான் ஏற வேண்டும். குகை நீரில் முக்குளிப்பதில் உலகமே மதித்த ஷெக் எக்ஸ்லி, 1994 ஏப்ரலில் மெக்சிகோவின் சகட்டோன் நீர்க்குழியில்தான் உயிரை விட்டார்.

இத்தனை ஆபத்துக்கு நடுவே எடுத்த அளவை நாம் மதிக்க வேண்டாமா? ஆழத்துக்கு அடி இருப்பதுபோல நல்ல தண்ணீருக்கும் ஓர் அளவு உண்டு. நிலாவரையில் மேலே இருப்பதுதான் நல்ல தண்ணீர். கீழே போகப் போக உப்பு. கடலோர நிலத்துக்கு ஒரு பொதுக்கணக்கு உண்டு: நன்னீர் மட்டம் ஓர் அடி இறங்கினால், உப்புநீர் அடியிலிருந்து ஏறக்குறைய 40 அடி ஏறும். அள்ள அள்ளக் குறையாது என்று நம்பி மோட்டார் போட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பழம் கீரிமலைக்குப் போகிறதோ இல்லையோ, கல்லின் இடுக்குகள் வழியே தோட்டத்து உரமும் மலக்குழிக் கசிவும் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. யாழ்ப்பாணக் கிணறுகளில் நைட்ரேட் கூடுதல் என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத குடாநாடு அது. குடிக்கவும் பயிர் செய்யவும் அங்குள்ளவர்கள் பெரும்பாலும் நம்பியிருப்பது நிலத்தடி நீரைத்தான்.

இங்கிருந்து நிலாவரை பார்க்கப் போகும் அன்பர்கள், தயவுசெய்து அதில் எதையும் போடாதீர்கள்.