மாப்பிள்ளையின் கையில் பொய் எதற்கு?

கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் கையைத் தூக்கிப் பார்த்து "என்ன பிராண்ட்?" என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் எப்போது வந்தது? அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பெண்ணின் வாப்பா கடன்படுகிறார். இல்லாவிட்டால் பெரிய பெயர் பொறித்த போலி மணிக்கூட்டை வாங்கிக் கொடுக்கிறார்.

சிறிய நிறுவனங்களின் மெல்லிய இயந்திர மணிக்கூடுகளை "பேர் தெரியாதது" என்று தள்ளுகிறோம். பிரான்சின் பால்டிக் நிறுவனம் 2021இல் கொண்டுவந்த எம்.ஆர்.01ஐ எடுத்துக்கொள்வோம். அகலம் 36 மில்லிமீட்டர், தடிப்பு 10க்குள். தானாகச் சாவி ஏற்றும் சுழலியை இயந்திரத்தின் மேலே வைக்காமல் உள்ளேயே பதித்திருக்கிறார்கள். தடிப்பு கூடாததற்கு அதுவும் ஒரு காரணம். இயந்திரம் சீனாவின் ஹாங்சோவில் செய்தது. அதை அவர்கள் மறைக்கவில்லை. போலியைக் கட்டும் நாம்தான் மறைக்கிறோம்.

குறையும் உண்டு. நேரம் பிசகாமல் காட்டுவதில் மலிவான பற்றரி மணிக்கூடு இதை வெல்லும். விலை 500 யூரோவுக்கு மேல். இதை "மலிவு" என்பது ஐரோப்பியக் கணக்கு. நம் ஊர் ஆசிரியர் சம்பளக் கணக்கல்ல.

ஆகவே நாம் சொல்வது இதுதான்: வசதியுள்ள மாப்பிள்ளை தன் காசில் வாங்கிக் கட்டட்டும். வசதியில்லாதவர் கேசியோ கட்டட்டும், அதில் வெட்கமில்லை. பெண் வீட்டாரிடம் கேட்டு வாங்குவதும், போலியைக் கட்டிப் பெருமை பேசுவதும்தான் வெட்கம். அடுத்த கலியாணத்தில் பிராண்ட் கேட்காமல், ஸலாம் சொல்லிக் கைகொடுத்து துஆ செய்துவிட்டு வருவோம்.